அக்காவுக்கு ஒரு ஒட்டாத ஆல்பம்

கடைக்காரர் பதறிப்போய்விட்டார். ஜெர்மனியில் செய்து பினாங்கு வழியாக வந்த ஆல்பம் அது. அதை நான் இரண்டு கையாலும் தலைகீழாகப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் உதறிக்கொண்டிருந்தேன். உள்ளே மாதிரிக்காக அவர் சொருகி வைத்திருந்த நாலைந்து ஸ்டாம்புகள் பொலபொலவென்று மேஜைமேல் விழுந்தன.

"ஏம்மா! ஏன்ட்டி இதி, என்ன இது? கோணிப்பையா அது, இந்த உதறு உதறுறே?"

"உள்ள இருக்கறது எவ்ளோ சீக்கிரம் வெளிய வருதுன்னு பாக்கறேன்."

"வெளிய வரக்கூடாதுன்னுதானம்மா ஆல்பம் பண்ணியிருக்கான்! வர்றவங்க எல்லாம் எவ்ளோ கெட்டியா புடிக்கும்னு கேப்பாங்க. நீ என்னடான்னா..."

என்ன சொல்வது? என் அக்காவை அவள் புருஷனிடமிருந்து கிளப்பிக்கொண்டு வர வேண்டும், அதற்குத் தோதாக ஓர் ஆல்பம் கொடுங்கள் என்றா? திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே சாமி படமும் காலண்டரும் கண்ணாடிச் சட்டமும் விற்கிற கடை அது. ஸ்டாம்பு வியாபாரம் அவருக்குப் பொழுதுபோக்கு. நல்ல மனிதர். அவருக்கு எதற்கு எங்கள் வீட்டு நாற்றம்?

அக்கா வாழ்க்கைப்பட்டது சித்தூரில். அவள் புருஷன் வெல்ல மண்டியில் கணக்குப்பிள்ளை. சொந்த ஊர் பாலசமுத்திரம் பக்கம், கொஞ்சம் நிலமும் உண்டு. நான் அவனை மாமா என்று கூப்பிட்டது வாய் வார்த்தைக்குத்தான். மனசுக்குள் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது. எங்கள் அம்மா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், திருப்பதியில் ஒரு சத்திரத்தில் வாட்ச்மேன். நான் அங்கே அவரோடு இருந்துகொண்டு டீச்சர் டிரெயினிங் படித்தேன்.

ஸ்டாம்பு வந்த வழியும் அந்தச் சத்திரம்தான். மலைக்கு வருகிற ஜனங்கள் ரங்கூனிலிருந்து வருவார்கள், கொழும்பிலிருந்து வருவார்கள், கடல் தாண்டி ஆப்பிரிக்காவிலிருந்துகூட ஒரு குடும்பம் வருஷா வருஷம் மொட்டை போட வரும். அவர்கள் ரூமைக் காலி பண்ணிப் போனபிறகு பெருக்கினால் வெற்றிலைக் காம்போடும் முடியோடும் கடித உறைகள் கிடக்கும். நைனா அந்த உறைகளின் மூலையைக் கிழித்து, சிலர் கொடுத்துவிட்டுப் போகிற முத்திரை குத்தாத புது ஸ்டாம்புகளையும் சேர்த்து ஒரு பையில் போட்டு வைப்பார். நான் மாசம் ஒரு தடவை பாகாலா வழி ரயிலில் சித்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அக்கா அந்தப் பையைக் கொட்டிப் பார்க்கிற நேரத்தில் மட்டும் அவள் முகம் பழைய முகமாக இருக்கும். கல்யாணத்துக்கு முந்தின முகம்.

அப்போது ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்து, எல்லை எங்கே என்கிற சண்டை தெருவுக்குத் தெரு நடந்துகொண்டிருந்தது. சித்தூரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், ஒரு பிடி மண்ணும் கொடுக்க மாட்டோம் என்று இன்னொரு கூட்டம். இவர்கள் தெலுங்கு போர்டில் தார் பூசினால் அவர்கள் தமிழ் போர்டில் தார் பூசுவார்கள். காலையில் பஸ் கண்ணாடி உடையும், சாயங்காலம் மண்டை உடையும். மாமா முதல் கூட்டத்தில் முன்வரிசை. "ஓர் அங்குலம்கூட விடமாட்டோம்!" என்று மேடையில் அவன் கத்தினால் ஜனங்கள் கை தட்டுவார்கள். எனக்கும் சித்தூர் தமிழ்ப் பக்கம் வந்தால் சந்தோஷம்தான், அதில் சண்டையில்லை. ஆனால் அந்த மனிதன் மேடையில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்து, மிச்சம் இருந்த ஆத்திரத்தை எல்லாம் அக்காவின் முதுகில் இறக்கி வைப்பான். பேச்சுவார்த்தை முறிந்தது என்று பேப்பரில் வந்தால் அவளுக்கு அடி. நடக்கப் போகிறது என்று வந்தாலும் அடி.

முதலில் அக்கா ஸ்டாம்புகளை ஒட்டியது அவனுடைய போஸ்டர் பசையால். அவர்கள் வீட்டுப் பின்கட்டில்தான் போராட்ட போஸ்டருக்குப் பசை காய்ச்சுவார்கள். மைதா மாவைக் கரைத்து, மாடும் பூச்சியும் தின்றுவிடாமல் இருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சின பசை. சித்தூர் மாடுகள் போஸ்டரை அப்பளம் மாதிரி தின்னும், அதனால் துத்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போடுவார்கள். அக்காவுக்கு இதெல்லாம் தோன்றவில்லை. வாளியில் மிச்சம் கிடந்ததை வழித்து ஒரு நோட்டில் வரிசையாக ஒட்டிவிட்டாள். ஒரே மழைக்காலத்தில் ஸ்டாம்பு எல்லாம் ஓரம் நீலம் பாரித்துக் காகிதத்தோடு கல்லாகிவிட்டது. தண்ணீரில் ஊறவைத்துப் பாதியைக்கூட மீட்க முடியவில்லை. அவன் அதைக் கண்டு இரக்கப்பட்டானா? "போராட்டப் பசையத் திருடிகினியாடி?" என்று கேட்டு, பசை துழாவுகிற கட்டையாலேயே போட்டான். அவள் இடது மணிக்கட்டு அதற்குப் பிறகு நேராகவே இல்லை.

அப்புறம் அவள் ஹிஞ்ச் வைத்து ஒட்டக் கற்றுக்கொண்டாள். ஹிஞ்ச் என்றால் ஒன்றுமில்லை, ஒரு பக்கம் பசை தடவிய மெல்லிய காகிதத் துண்டு. மடித்து, பாதியை ஸ்டாம்பின் முதுகிலும் பாதியை ஆல்பத்திலும் ஒட்ட வேண்டும். தபால் ஆபீஸில் ஸ்டாம்புத் தாளின் வெற்று ஓரத்தைக் கிழித்துப் போடுவார்கள், அதன் பின்னாலும் பசை உண்டு. அதைக் கேட்டு வாங்கி வந்து கத்தரித்து ஹிஞ்ச் பண்ணிக்கொண்டாள். கெட்டித் தாளை வெல்ல மண்டிச் சணல் கயிற்றால் தைத்து ஆல்பமும் பண்ணினாள். அழகாகத்தான் இருந்தது.

அந்த அழகைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். அடித்தால் அவள் அழுவதில்லை என்பது அவனுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துபோயிற்று. ஸ்டாம்பைத் தொட்டால் அழுதாள். பிறகு கேட்பானேன்! ஆல்பத்தை அவனுடைய இரும்பு ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் குளிக்கிற நேரத்துக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால் ஒரு ஸ்டாம்பு. அவள் கண்ணெதிரே நகத்தை உள்ளே விட்டுப் பிய்ப்பான். ஹிஞ்ச் போட்டதை அப்படிப் பிய்த்தால் ஸ்டாம்பின் முதுகுத்தோல் ஆல்பத்திலேயே தங்கிவிடும், கையில் வருவது வெறும் முகம். அதை அவள் மடியில் போட்டுவிட்டு, "உன்னக் கட்டி வைக்க வேணாம்டி, இது ஒண்ணு போதும்" என்பான்.

அது உண்மையாகத்தான் இருந்தது. தீபாவளிக்குத் திருப்பதி வருவாள், "போகாதே, இருந்துடு" என்று நானும் நைனாவும் கெஞ்சுவோம். இரண்டாம் நாளே மூட்டையைக் கட்டுவாள். "நான் போவலன்னா அது அடுப்புக்குப் போயிடும்" என்பாள்.

ஒரு தடவை நான் போனபோது அவள் கதவைத் திறந்தாள். கன்னத்தில் ஒரு கை. கையென்றால் கறுப்பாக, ஐந்து விரலும் தனித்தனியாக, உள்ளங்கை ரேகைகூடத் தெரிகிற மாதிரி. முந்தின நாள் போர்டில் தார் பூசிவிட்டு வந்தவன், கழுவாத கையோடு அறைந்திருக்கிறான். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் கன்னம் புண்ணாகி, அதற்கு மேலும் கறுப்பு போகாமல் நின்றது.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே இல்லை. உள்ளே அவன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வா, வா, நீயும் துன்னு" என்றான் சிரித்துக்கொண்டே. பக்கத்தில் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேராக வீசினேன். புருவம் பிளந்து ரத்தம் சோற்றில் சொட்டியது. அவன் எழுந்து வந்து என் பின்னலைப் பிடித்துத் தெருவரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். நான் அவன் முன்கையைக் கடித்தேன், பல் பதியக் கடித்தேன். தெருவில் நின்றவர்கள் எல்லாரும் அவன் மேடைப் பேச்சைக் கேட்டவர்கள்தான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்டேஷன் வரைக்கும் அக்கா என்னோடு வந்தாள். நான் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

"முத்திரை குத்தின காகிதத்துக்கா உசுர வுடுவே? உனக்கு மூளை கீளை கீதா இல்லியா?"

"நீ எதுக்குடி கை வெச்சே? அதுக்கும் சேத்து எனக்குத்தான் வுழும்."

"அப்ப வந்துடு! இப்பவே ரயில் ஏறு!"

அவள் முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் கேட்டதில்லடி இதுவரைக்கும். நகை கேட்டனா, புடவை கேட்டனா? நைனா குப்பையில பொறுக்கிக் குடுத்தது, நான் ஒக்காந்து சேத்தது. அதையும் அவங்கிட்ட வுட்டுட்டு வந்தா நான் அங்க வந்து இன்னாத்த பண்ணிகினு இருப்பேன்?" என்றாள்.

"ஒட்டிக் கெடக்கறதப் பிய்ச்சா முதுகு போயிடும்" என்றாள் மறுபடியும். "ஒட்டாத ஆல்பம்னு ஒண்ணு வருதாம். கண்ணாடி மாதிரி பட்டை வெச்சு, உள்ள சும்மா சொருவி வெச்சாப் போதுமாம். ஒரு வெளிநாட்டு உறைக்குள்ள விளம்பரத் தாள் இருந்துது. அது மட்டும் கெடைச்சா..." அவள் முடிக்கவில்லை. ரயில் வந்துவிட்டது. ஆனால் எனக்குப் பாகாலா வருவதற்குள் விளங்கிவிட்டது. ஸ்டாம்புகளை ஒரு நிமிஷத்தில் உருவிக்கொள்ளலாம், ஆல்பம் அப்படியே பெட்டிக்குள் இருக்கும், அவன் பூட்டின பூட்டு பூட்டினபடியே இருக்கும். சாதுவாக இருந்துகொண்டு இவள் என்ன வேலையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

அதனால்தான் காலண்டர் கடையில் அந்த உதறல்.

அவர் எனக்கு எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார். முதலில் கட்டம் அச்சடித்த ஆல்பம். நாட்டுக்கு ஒரு பக்கம், மேலே கொடியெல்லாம் போட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஹிஞ்ச் வைத்து ஒட்ட வேண்டியது. வேண்டாம் என்று தள்ளினேன். அடுத்தது போட்டோ ஆல்பம், நாலு மூலையிலும் முக்கோணக் காகிதம் வைத்துச் சொருகுவது. ஒவ்வொரு ஸ்டாம்பையும் நாலு மூலையிலிருந்து விடுவிப்பதற்குள் அவன் குளித்துத் தலை துவட்டிச் சாப்பிட்டே முடித்திருப்பான். மூன்றாவது ஸ்டாக் புக். எண்ணெய்க் காகிதம் மாதிரிப் பட்டைகள், தொட்டவுடன் ஸ்டாம்பு கையில் வந்தது. எனக்கு ஆசைதான். ஆனால் அதற்குக் கனமே இல்லை. பெட்டியில் வைக்கும்போது தூக்கிப் பார்க்கிறவனுக்குக் காலியானது தெரிந்துவிடும். அதோடு பார்வைக்கும் மட்டமாக இருந்தது. அவன் ஆட்களிடம் காட்டிப் பீற்றிக்கொள்கிற மாதிரி இருந்தால்தான் பழையதை விட்டு இதற்கு மாறச் சம்மதிப்பான்.

கடைசியாக வந்ததுதான் ஜெர்மனி ஆல்பம். அம்மாடி, என்ன கனம்! அட்டையே பலகை மாதிரி. உள்ளே கறுப்புத் தாள், அதன்மேல் கண்ணாடிபோல் பட்டைகள், கீழே ஒட்டி மேலே திறந்து. ஸ்டாம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூக்கினால் வித்தியாசம் தெரியாது. நான் உதறியதில் அதுதான் ஜெயித்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன், கற்பூர வாசனை வந்தது.

"செல்லுலாய்டு அம்மா. கற்பூரம் போட்டுத்தான் செய்வான். விளக்கு, அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே, குப்புனு புடிச்சுக்கும்" என்றார் கடைக்காரர்.

விலையைக் கேட்டு நான் அந்தக் கடையில் போட்ட கூச்சலை இங்கே சொல்லப் போவதில்லை.

ஆல்பத்தை அக்காவிடம் கொடுக்கவில்லை. அவனிடம் கொடுத்தேன். சொம்பு வீசியதற்கு மன்னிப்புக் கேட்டு, "மாமா, இது உங்களுக்கு. வெளிநாட்டுச் சாமான். உங்க மாதிரி நாலு பெரிய மனுஷங்க வந்து போற வீட்டுல இருக்க வேண்டியது" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது என் நாக்கு வெந்தது. அவன் புருவத் தழும்பைத் தடவிக்கொண்டே ஆல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல்லெல்லாம் வெளியே வந்தது.

பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகள் அக்கா அவன் எதிரேயே உட்கார்ந்து ஹிஞ்சுகளை ஈரத்துணியால் நனைத்து விடுவித்து, ஒவ்வொன்றாகப் புது ஆல்பத்தில் சொருகினாள். அவன் மேஸ்திரி மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பான். முதல் பக்கத்தில் எது வர வேண்டும் என்று அவனே சொன்னான். சுதந்திரம் வந்தபோது போட்டது, சிங்கத் தூணும் கொடியும் விமானமும். முத்திரை குத்தாத புதுசு, பின்னால் பசைகூட அப்படியே இருந்தது. அக்காவுக்கு உயிர் அதில்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவளே தபால் ஆபீஸ் போய் வாங்கி, எதிலும் ஒட்டாமல் ஓர் உறைக்குள் போட்டே பழைய ஆல்பத்தில் வைத்திருந்தது. கூட்டத்து ஆட்கள் வந்தால் அவன் பெட்டியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டி, "நம்ம கலெக்ஷன்" என்பான். அதற்கு மேல் புரட்டமாட்டான். அவனுக்கு ஸ்டாம்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

நல்ல கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் கடையடைப்பு, பெரிய ஊர்வலம். நான் முந்தின நாளே போய்விட்டேன். காலையில் அவன் வழக்கம்போல ஆல்பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். நான் வாசலில் நின்று காவல் காத்தேன். உள்ளே அக்கா ஆல்பத்தைக் கவிழ்த்து உதறினாள், நான் கடையில் உதறியதைவிட வேகமாக. மடியில் குவிந்ததை ஒரு வேட்டித் துணியில் பரப்பி மடித்து புடவைக்குள் வயிற்றோடு சுற்றிக் கட்டிக்கொண்டாள். பையில் வைத்தால் தெருக் கலாட்டாவில் எவனாவது பிடுங்கிக்கொள்வான் என்று பயம்.

அவன் வந்து ஈரத் தலையோடு ஆல்பத்தை வாங்கினான். திறந்தான். முதல் பக்கம் அப்படியே இருந்தது. சிங்கம், கொடி, விமானம். மூடி, கையில் ஒரு தடவை ஏந்திப் பார்த்து, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஊர்வலத்துக்குப் போனான்.

நாங்கள் ஸ்டேஷனுக்குப் போன வழியில் மார்க்கெட் பக்கம் ஒரு சைக்கிள் கடை எரிந்துகொண்டிருந்தது. எதிரே போலீஸ்காரர்கள் லத்தியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார்கள், கூட்டம் சிதறி எங்கள் மேலேயே வந்து விழுந்தது. ஒரு பெரியவர் வாயெல்லாம் ரத்தத்தோடு என் புடவையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அக்கா இரண்டு கையையும் வயிற்றோடு கட்டிக்கொண்டு பிள்ளைத்தாச்சி மாதிரி நடந்தாள், அதைப் பார்த்து ஒருத்தன் வழி விட்டான். ரயில் தண்டவாளத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அடித்து இழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. நகர்ந்ததும் கல் வந்தது. எங்கள் ஜன்னல் வழியாக வந்த கல் என் காதோரத்தைக் கிழித்துக்கொண்டு போய் எதிர்ப் பலகையில் விழுந்தது. எந்தப் பக்கத்துக் கல் என்று யார் கண்டார்கள்? தழும்பு மட்டும் இன்னும் இருக்கிறது, தலை வாரும்போதெல்லாம் சீப்பு இடறும்.

திருப்பதி வந்ததும் சத்திரத்துப் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா வயிற்றுக் கட்டை அவிழ்த்தாள். நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம். அந்த வெயிலில், அந்த ஓட்டத்தில், துணி முழுக்க வேர்வையில் ஊறி மடிப்பு நெகிழ்ந்துபோய், முத்திரை குத்தாத புது ஸ்டாம்புகள் எல்லாம் பசை இளகி அவள் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. விலாவில், வயிற்றில், இடுப்பில். கொழும்பும் ரங்கூனும் மலேயாப் புலியும் என் அக்காவின் தோலில். ஒட்டாமல் இருக்க வேண்டும் என்றுதானே அந்தப் பாடு பட்டோம்!

நான் வெந்நீர் வைத்து, பஞ்சை நனைத்து, ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன். எடுக்க எடுக்க அடியில் இருந்தது தெரிந்தது. ஸ்டாம்பு இருந்த இடத்தில் எல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பழைய அடி, நீலமாகப் புது அடி. ஓரிடத்தில் பீடியால் சுட்ட வட்டம். இன்னோரிடத்தில் பெல்ட் கொக்கியின் அச்சு. மாசம் தவறாமல் போய் வந்த எனக்கு அவள் இதையெல்லாம் காட்டியதே இல்லை. "அவனக் கொன்னுட்டு வர்றேன்டி, வுடு என்னை" என்று கத்தினேன்.

"கத்தாத. மெதுவா எடு" என்றாள். "ஸ்டாம்பு கிழிஞ்சுடும்."

அவன் மூன்றாம் நாள் காலையில் வந்தான். சத்திரத்து முற்றத்தில் மொட்டை போட்டுக்கொண்டு சந்தனம் பூசிய யாத்திரைக்காரர்கள் பலகாரம் தின்றுகொண்டிருந்தார்கள். அவன் கக்கத்தில் ஜெர்மனி ஆல்பம். அதற்குப் பிறகும் அவன் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை என்பது அதைத் தூக்கிக்கொண்டு வந்ததிலேயே எனக்குத் தெரிந்தது. நைனா கையைக் கூப்பிக்கொண்டு ஓடினார். "மாப்ளே, உள்ள வாங்க, எதுன்னாலும் உக்காந்து பேசலாம்" என்றார். அவன் அவரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். நைனா தொட்டிச் சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வெளியே வந்து நின்றாள். அவன் ஆல்பத்தை விரித்து முதல் பக்கத்தை அவளுக்குக் காட்டினான். இன்னொரு கையில் தீப்பெட்டி.

"இன்னாடி, வர்றியா? இல்ல, கொளுத்தட்டுமா?"

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. கொளுத்துடா மடையா, வெறும் அட்டையைக் கொளுத்து என்று வாய் வரைக்கும் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கத்தை, கொடியை, விமானத்தை.

"கொளுத்திக்கோ" என்றாள்.

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் அத்தனை பேர் பார்க்கிறார்களே, வீம்பு விடுமா? குச்சியைக் கிழித்து வைத்தான். கடைக்காரர் சொன்னது சரி. குப்பென்று ஒரே சுவாலை, கற்பூர வாசனை முற்றம் முழுக்க. ஜிப்பாக் கை பிடித்துக்கொண்டது. உருகின பட்டை அவன் விரல்களில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. அலறிக்கொண்டே ஆல்பத்தைக் கீழே போட்டவன், அந்தக் கையோடேயே பாய்ந்து வந்து அவள் கூந்தலைப் பிடித்தான். முடி கருகுகிற நாற்றம் வந்தது. நைனாவின் தடி கதவோரம் சாய்ந்திருந்தது. எடுத்து அவன் முழங்கையில் இறக்கினேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கீழே விழுந்தவனை இன்னும் இரண்டு போட்டேன், பிறகு யாத்திரைக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்காக இன்று வரைக்கும் நான் ஒரு சொட்டு வருத்தப்பட்டதில்லை, மலையேறிச் சாமி கும்பிட்டபோதும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவனை யாரோ வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முற்றம் காலியானதும் பார்த்தால், அக்கா சாம்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏண்டி அழறே? அதான் எல்லாம் எடுத்துகினு வந்துட்டமே! உள்ள ஒண்ணும் இல்லியே!"

"மொதப் பக்கம் இருந்துதேடி" என்றாள்.

உதறின கையாலேயே அந்த மூன்றையும் எடுத்து மறுபடி முதல் பக்கத்தில் சொருகி, அவள் வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் அந்த ஒரு பக்கத்தைத்தான் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரியும். தனக்கு உயிரானதை அவனுக்கு இரையாகப் போட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். அவளோடு நானும் உட்கார்ந்து அழுதேன். வேறென்ன செய்ய?

பஞ்சாயத்து பேச இரண்டு தடவை ஆள் வந்தார்கள். அக்கா கதவைத் திறக்கவில்லை. எல்லையும் ஒருவழியாக முடிவாயிற்று. சில ஊர் அந்தப் பக்கம் போயிற்று, சில ஊர் இந்தப் பக்கம் வந்தது. சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது, பாலசமுத்திரமும் நின்றது. ஓர் அங்குலம் விடமாட்டேன் என்று கத்தினவனுக்கு ஓர் அங்குலமும் கிடைக்கவில்லை. ஊருக்காக எனக்கு மனசு வலித்தது. அவனுக்காக வலிக்கவில்லை.

அதற்குள் எனக்கு நாராயணவனத்தில் பள்ளிக்கூட வேலை கிடைத்திருந்தது, அக்கா சத்திரத்துக்கு எதிரே மிஷின் போட்டு ரவிக்கை தைத்தாள். உடம்பிலிருந்து எடுத்த ஸ்டாம்புகள் செய்தித்தாளுக்குள் அம்மிக்கல்லுக்கு அடியில் கிடந்தன. ஒரு நாள் நான்தான் அவளைப் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு அந்தக் காலண்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். கேட்காமலேயே உள்ளே போய் இன்னொரு ஜெர்மனி ஆல்பத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "இந்தாம்மா, ஒதறிப் பாரு" என்றார்.

அக்கா அதைத் திறக்கவேயில்லை, ஓரமாகத் தள்ளிவிட்டாள். அலமாரியில் இருந்த கட்டம் அச்சடித்த ஆல்பத்தை, நான் முதலில் வேண்டாமென்று தள்ளினேனே, அதை எடுத்துப் புரட்டினாள். பிறகு அவரிடம், "இதுக்கு ஹிஞ்ச் ஒரு பாக்கெட் குடுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "ஏய், ஒட்டினா முதுகு போயிடும்னு சொன்னது நீதானடி? இப்ப திரும்ப அதே ஹிஞ்சா?"

அக்கா வளைந்த மணிக்கட்டால் ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"பிய்ச்சாத்தானடி போவும்" என்றாள். "இனிமே எதுக்குப் பிய்க்கணும்?"